கட்டிலை மறுபடி பழைய இடத்தில் போட்டுவிட்டேன்

அன்பு மகள் தஷானாவுக்கு, புரூக்ளினிலிருந்து அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் டாக்டருக்குப் படிக்கப் போன அந்தத் தீவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், உன்னைக் கேட்டு நானும் அழுகிறேன், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோகிறது. அதனால்தான் எழுதி, உன் வகுப்புத் தோழியின் அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உன் அப்பாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரும் இருக்கிறது. இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை, நம் மாடி ஹீட்டர் முனகுவதோடு சரி.

உடலை அறுத்துப் படிக்கும் அறைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. துணியை விலக்கினா அப்பா முகமா இருந்துடுமோன்னு பயமா இருக்கும்மா, படிப்பை விட்டுட்டு வந்துடறேன் என்றாயே. உன் அப்பாவின் உடலை வாங்கிக்கொண்டது இந்த ஊர் மருத்துவக் கல்லூரி, அவர்கள் எந்தத் தீவுக்கும் அனுப்புவதில்லை என்று நேரில் போய்க் கேட்டுவிட்டேன், அந்தப் பயத்தை விடு. அறுத்துப் படிக்க உடல் போதாமல் ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேர் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று அன்று நீதான் அவரிடம் சொன்னாய். அப்ப நானும் காலேஜுக்குப் போறேன், எட்டாவதோட நின்ன படிப்பு என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே, செத்தபின் உடலைக் கல்லூரிக்கு என்று எழுதியும் கொடுத்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் நெஞ்சு நின்றுபோகும் என்று யார் கண்டது.

உன் அத்தை மெர்லீன் இன்னும் ஆறவில்லை. லின்வால் அண்ணனைக் கறிக்கடைக்குக் குடுத்துட்டீங்களே அண்ணி, குழியில வைக்காத மனுஷன் எங்கே போய்ப் படுப்பாரு என்று சர்ச் வாசலிலேயே கேட்டாள். ஆனாலும் செத்தவரை வழியனுப்பும் ஒன்பதாம் இரவுக்கு வறுத்த மீனும் ரொட்டியும் வெள்ளை ரம்மும் சுமந்து வந்து, ஜமைக்காவில் செய்கிற மாதிரியே எல்லாம் செய்தவளும் அவள்தான். ஆட்கள் டோமினோ காய்களை மேசையில் அடித்த அடியில் கீழ்வீட்டுக்காரன் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தான். பரீட்சை இருந்ததால் உன்னால் வர முடியவில்லை, அதில் யாருக்கும் உன்மேல் வருத்தமில்லை. கடைசியில் மெர்லீன் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினாள், அலமாரியைக் கதவோரம் தள்ளினாள். அறை அடையாளம் தெரியாமல் போனால் செத்தவர் திரும்பிப் போய்விடுவார் என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

அவர் போகவில்லை, தஷானா. மறுநாள் சாயங்காலம், டிப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு அவர் வீடு வரும் நேரம், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், உள்ளே அலமாரியில் ஏதோ இடித்தது. பிறகு காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிற சத்தம். அதற்கப்புறம் தினமும் இதேதான். பைபிளில் தெரிந்த வசனத்தையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பயம் போய்க் கோபம் வந்தது. அவருடைய அந்தத் தேய்ந்த வலது முட்டிக்கு எத்தனை வருஷம் தைலம் தேய்த்திருக்கிறேன், அதைப் போய் இடிக்க வைத்துவிட்டோமே என்று. தனியாகவே அலமாரியை இழுத்து, கட்டிலைத் திருப்பி, எல்லாவற்றையும் பழையபடி போட்டேன். மெர்லீனிடம் சொல்லிவிடாதே, உங்களுக்குப் பைத்தியமா அண்ணி என்பாள். இப்போது இடிக்கிற சத்தம் இல்லை. கட்டில் ஓரம் அழுந்துவது மட்டும் கேட்கிறது. நான் எட்டிப் பார்ப்பதில்லை, தேநீரை ஆற்றிக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

கல்லூரிப் பிள்ளைகள் அவரைப் படித்து முடித்ததும், எரித்துச் சாம்பலைத் திருப்பித் தருவார்கள். அப்போது நீ வா, நாம் இருவருமாகக் கட்டிலைத் திருப்புவோம், அவர் நிம்மதியாகப் போகட்டும். அதுவரை அவருக்கு இங்கே வேலை இருக்கிறது. யாரோ பெற்ற பிள்ளை ஒன்று அந்த முட்டியைத் திறந்து பார்த்து, இதை வெச்சுக்கிட்டா இந்த மனுஷன் பஸ் ஓட்டினான் என்று கேட்கும். அந்தப் பிள்ளையும் பயந்து ஓடிவிட்டால் உன் அப்பா யாருக்காகப் போய்ப் படுத்திருக்கிறார், சொல். உன் மேசையில் இருக்கிறவருக்கும் எங்கோ ஒரு வீடு இருக்கும், அங்கேயும் ஒருத்தி கட்டிலைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பாள். அவளை ரொம்ப நாள் காக்க வைக்காதே. போய்த் துணியை விலக்கு, முதலில் ஒரு வணக்கம் சொல்.

கர்த்தர் உன் கண்ணையும் கையையும் நடுங்காமல் காக்கட்டும். அந்த அறை ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும் என்றாயே, மறக்காமல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போ. அதை நான் துவைக்கவில்லை.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
ஐசில்டா