பட்டில் வடித்த டீசல்

மதியம் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால், ரசத்துக்கு முன்னால் டீசல் வாசனை வருகிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், மரத்தூள் போட்டேன், புளியும் போட்டாயிற்று. நகக்கண்ணில் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. டீசலும் மாமியாரும் ஒன்று, வந்தால் லேசில் கிளம்பாது என்று நான் சொல்வேன். நீ உள்ளே யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பாய். இன்றைக்குக் கரண்டி எடுத்துச் சாப்பிட்டேன். மூணாவதோடு நின்றவன் நான், உனக்குக் கடுதாசி எழுதுகிறேன் என்று தெரிந்தால் நீ எழுந்து வந்தாலும் வருவாய்.

நேற்று உன் வீட்டுக்காரி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து நம் வாடகைக் கார் உன் வீட்டு வேப்பமரத்தடியிலேயே நிற்கிறது. எனக்கும் அதில் தனியாக ஏற மனசு வரவில்லை.

"களம்பூர் மில்லுக்காரரு எடுத்துக்கிறேன்றாருண்ணா. ஆனா ஓடணுமாம். ஓடலைன்னா பழைய இரும்புக்காரன் நாளைக்கே வந்து உடைச்சி எடுத்துகினு போறேன்றான்" என்றாள்.

"நீ இன்னாம்மா சொல்றே?"

"உடைக்கிறதை நான் பாக்க மாட்டேண்ணா. அவ்ளோதான்."

ஓடினாலும் வண்டி போய்விடும், ஓடாவிட்டாலும் போய்விடும். ஆனாலும் சம்மட்டி அடிக்கு அந்த இஞ்சினைக் கொடுக்க எனக்கும் ஆகாது. காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் போடலாம் என்று நீ சொன்னபோது ஆரணி பஸ் ஸ்டாண்டு எதிரில் வண்டி போடுகிற அத்தனை பேரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் நான். வேலூர்ப் பட்டறையில் மாட்டிக்கொண்டு வந்தோம். நாலு சிலிண்டர், ஒன்றரை லிட்டர், நாற்பது குதிரை சக்தி என்று நீ நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். மேட்டில் ஏறும்போது, "நாப்பதுல பாதி நொண்டி பா, மீதிக்குப் புல்லு வைக்கலையா?" என்று கேட்டேன். பிளக்கே இல்லாமல் எப்படி எரியும் என்று நான் கேட்டதற்கு, காற்றைப் பிடித்து அழுத்தினால் அதுவே சூடாகி டீசலைக் கொளுத்திவிடும் என்றாய். சீமையில் இதைவிடச் சின்ன இஞ்சினுக்கு டர்போ என்று ஒன்று வைக்கிறார்களாம், வெளியே போகிற புகையே ஒரு விசிறியைச் சுற்றி, காற்றை உள்ளே தள்ளுமாம், இரண்டு பங்கு இழுக்குமாம்.

"அப்போ உன் பீடிப் புகையை உட்டுப் பாரேன்" என்றேன். நீ பீடிக்கட்டை என் மேல் விட்டெறிந்தாய்.

அந்த இஞ்சினால் பட்ட முதல் பேஜார் ஞாபகம் இருக்கிறதா? தெள்ளார்க்காரர்கள் முகூர்த்தப் புடவை எடுக்க வந்து, திரும்ப நம் வண்டியில் போனார்கள். பெட்ரோல் காலத்தில் கடைசிச் சொட்டு வரை ஓட்டிவிட்டு அப்புறம் கேனைத் தேடுகிற ஆட்கள்தானே நாம். அதே பழக்கத்தில் டீசலையும் காய விட்டோம். தெள்ளாருக்கு முன்னாலேயே வண்டி இருமிவிட்டு நின்றது. டிக்கியில் இருந்த கேனை ஊற்றினோம். பெட்ரோலாக இருந்தால் கிளம்பியிருக்கும். இதிலோ குழாய் முழுக்கக் காற்றுப் பூந்துவிட்டது, அதை வெளியேற்றினால்தான் கிளம்பும்.

முகூர்த்தப் புடவையைத் தரையில் வைக்கக் கூடாது, ஆளில்லாத வண்டியிலும் விடக் கூடாது என்று பெண்ணின் அத்தை அந்தப் பொட்டலத்தைப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள்.

"ஏம்பா, இது காரா, நெல்லு மிஷினா? நடந்து போயிருந்தா இந்நேரம் தாலியே கட்டியிருப்பாங்க."

"மிஷினுதாம்மா. உங்க மூட்டையக் குடுங்க, அரைச்சித் தரேன்" என்றேன். எண்ணெய்க் கையோடு நீ என் முதுகில் ஒன்று வைத்தாய். அந்தச் சட்டையை அதற்கப்புறம் வெளுக்கவே முடியவில்லை.

பில்டர் மேல் இருக்கிற திருகைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை நீ அடித்தாய். நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமாக வடிந்தது. அப்புறம் சிலிண்டருக்குப் போகிற குழாய் நட்டுகளைத் தளர்த்தினாய். நான் உள்ளே உட்கார்ந்து சாவி திருப்ப வேண்டும். "உம்" என்றால் திருப்பணும், "போதும்" என்றால் விடணும். இரண்டு ஆள் வேலை அது.

அன்றிலிருந்து டீசலை நீ குழந்தைக்குப் பால் காய்ச்சுகிற மாதிரி பார்த்தாய். பீப்பாயில் வாங்கியதில் தூசி இருந்தால் பம்பு போய்விடும் என்று, உன் மாமனார் தறியில் மிஞ்சும் பட்டுத் துண்டை வாங்கிவந்து புனலில் கட்டி வடித்தாய். "ஊருக்கே பட்டு கட்டி உட்ற ஊர்ல, டீசலுக்கும் கட்டி உட்டுட்டே. தாலி எப்போ?" என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். சிரித்தவர்களும் பின்னால் டீசலுக்கு மாறினார்கள், அவர்கள் வண்டிகள் பம்பு வேலைக்கு வேலூர் போய் வந்துகொண்டே இருந்தன. நம்முடையது போகவில்லை. அதை நீ ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

இன்று காலை பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோனேன். டீசலை வடித்துத்தான் ஊற்றினேன், பட்டுத் துண்டைக் கேட்டதும் உன் வீட்டுக்காரி பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தாள். கைப்பம்பு அடித்தேன், நுரை நின்றது. அதற்கு மேல் என்ன செய்ய? நட்டைத் தளர்த்திவிட்டு ஓடிப்போய்ச் சாவி திருப்பினேன். இறங்கி வந்து நட்டை இறுக்குவதற்குள் மறுபடி காற்று. ஓடினேன், வந்தேன், ஓடினேன். யாராவது பார்த்திருந்தால் மாரியாத்தா ஏறிவிட்டாள் என்று விபூதி கொடுத்திருப்பார்கள். பேட்டரி இறங்க ஆரம்பித்தது.

வாசலில் நின்ற உன் வீட்டுக்காரி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"உனக்கு இது தெரியாதேம்மா."

"எத்தினி வருஷமா வாசல்ல நின்னு கேட்டுகினு இருக்கேன். நீங்க சொல்லுங்கண்ணா."

உம் என்றேன். போதும் என்றேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கடைசி நட்டை இறுக்கியதும், இஞ்சினை முதலில் சூடாக்குகிற ஹீட்டருக்கு நேரம் கொடுத்துத் திருப்பினாள். கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு, வண்டி மொத்தமும் உதறி, பிடித்துக்கொண்டது. வேப்பிலை கொட்டியது. அவள் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அந்த ஆட்டத்தில் ஆடியபடி வெகுநேரம் இறங்கவே இல்லை. நான் பானெட்டுக்குள் தலையை விட்டு, பார்க்க ஒன்றும் இல்லாததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி, "எடுத்துகினு போங்கண்ணா. ஓடறப்பவே போவட்டும்" என்றாள்.

களம்பூருக்கு நானே ஓட்டிப்போனேன். பக்கத்துச் சீட்டைப் பார்க்காமல் ஓட்டினேன். மில் வாசலில் நிறுத்தியதும் மில்லுக்காரர் வந்து, இதற்கு என்னென்ன பார்க்கணும் என்று கேட்டார். என் வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்தது. ஆயில் மாற்றின மறுநாளே கறுத்துப் போகும், டீசலில் அப்படித்தான், பயப்படாதீங்க. பில்டருக்கு அடியில் தேங்குகிற தண்ணீரைத் திறந்து விடுங்க. பெல்ட்டை விரலால் அமுக்கிப் பாருங்க. நீ சொல்லும்போதெல்லாம் நான் கொட்டாவி விட்டுக் காட்டியது அத்தனையும் வரிசை மாறாமல் வந்தது.

"நீங்களே பாத்துக்கிட்டதா? இஞ்சின் நல்லா இருக்கே" என்றார்.

"இல்லீங்க. நான் பக்கத்துல நின்னு சிரிச்சவன்."

அவருக்குப் புரியவில்லை. இஞ்சினை அணைக்கிற கம்பி என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. இழுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாங்க, நிறுத்தலையா?"

"ஓடி வந்த வண்டிங்க. சூடு ஆறினப்புறம்தான் நிறுத்தணும்" என்றேன்.

ஆரணியிலிருந்து களம்பூர் வந்ததில் என்ன பெரிய சூடு ஏறிவிடும்? நீ இருந்திருந்தால் அந்தப் பொய்யைப் பிடித்திருப்பாய். அவர் நல்ல மனுஷர், தலையை ஆட்டிக்கொண்டு நிழலில் போய் நின்றார். யாரும் பிடிக்காததால் நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.