கேசிகா சொல்லச் சொன்னவை

கால்சா, பலெர்மோ
3 மார்ச் 2025

அன்பு மகன் லக்சனுக்கு,

நாங்கள் சுகம். குரல் செய்தி அனுப்பினால் கேட்கமாட்டாயாம். கடிதமென்றால் பிறகு நான் மறுக்க முடியாதாம். பெற்ற தாயிடம் சாட்சி கேட்கிறாய். சரி, எழுதுகிறேன்.

ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் காலைக் கழுவி மணவறைக்குக் கூட்டிவரத் தம்பிதான் தோழனாக நிற்க வேண்டும். நீங்கள் இருவரும் முகம் பார்த்துக் கதைத்து இரண்டு வருடம். நேற்றுச் சட்டி கழுவும்போது கேசிகா, "நான் பிழை விட்டிட்டன் அம்மா. தம்பி வந்து நிண்டாத்தான் தாலிக்குக் கழுத்தை நீட்டுவன்" என்று அழுதாள். உனக்குச் சொல்லச் சொன்னாள். தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாமென்றும் சொன்னாள்.

மிளகாய்த்தூள் அனுப்பியிருக்கிறேன்.

பாசமுள்ள அம்மா,
ஞானம்பிகை

பொலோஞ்ஞா
10 மார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

தூள் கிடைத்தது. அக்கா அழுததை நம்பச் சிரமமாக இருக்கிறது. பன்னிரண்டு வயதில் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் உங்கள் விசாப் பத்திரங்களுக்காக மொழிபெயர்த்துக்கொண்டு நின்றபோதும் அவள் அழவில்லை. நான் வீட்டை விட்டு இங்கே வந்த அன்று, "அம்மா அப்பாவை என்ரை தலையிலை கட்டிப்போட்டு ஓடுறாய்" என்றாள். அது உண்மை. பதிலுக்கு நான் சொன்னதுதான் அசிங்கம்.

ஹோட்டலில் நாளுக்குப் பதினாறு குளியலறை கழுவுகிறேன். ஒரு சோடிக் கால் எனக்குப் பதவி உயர்வு. ஆனால் அவளே கேட்கட்டும்.

லக்சன்

பலெர்மோ
19 மார்ச்

அன்பு மகனுக்கு,

அவள் எப்படிக் கேட்பாள்? மூத்தவள். நீ எப்படிக் கேட்பாய்? ஆம்பிளைப்பிள்ளை. அதனால்தான் கடவுள் என்னை நடுவில் வைத்திருக்கிறார். உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், வேண்டிய இடங்களை மட்டும்.

நீ வராவிட்டால் சித்தப்பாவின் மகன் கஜானன் தோழனாக நிற்பான். அவன் உன்னைவிட உயரம்.

அம்மா

பொலோஞ்ஞா
2 ஏப்ரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களையும் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் எடுத்தாள்.

"டேய், நான் எப்பையடா அழுதனான்? நீயெல்லோ விக்கி விக்கி அழுது மன்னிப்புக் கேட்டதெண்டு அம்மா சொன்னவ. மூண்டு தரம். அப்பிடி அழுதவன் ஏன் எனக்கொரு போன் எடுக்கேல்லை எண்டுதான் எனக்கு விசர்."

எனக்கும் அதே விசர்தான், அம்மா. மன்னிப்புக் கேட்டவள் ஏன் கல்லு மாதிரி இருக்கிறாள் என்று.

மூன்று மணித்தியாலம் கதைத்தோம். கடைசியில் "வாறியா?" என்றாள். "ஓம்" என்றேன். நீங்கள் சமாதானம் செய்யாமல் இருந்திருந்தால் இது இரண்டு கிழமையில் முடிந்திருக்கும்.

ஆவணியில் வருகிறேன். இனி எங்களுக்கிடையில் கதை காவ வேண்டாம்.

லக்சன்

பலெர்மோ
21 மே

அன்பு மகனுக்கு,

நீ ஏப்ரலில் எழுதியதற்குப் பிறகு இது என் மூன்றாவது கடிதம். முந்திய இரண்டுக்கும் பதில் இல்லை.

நீங்கள் ஒற்றுமையாக இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டேன். பின்னேரமானால் அக்கா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உன்னோடு கதைக்கிறாள். நான் தேத்தண்ணி கொண்டு போனால் சிரிப்பு நின்றுவிடுகிறது. கதை இத்தாலியனுக்கு மாறிவிடுகிறது. "தம்பி என்ன பிள்ளை சொல்லுறான்?" என்றால், "ஒண்டுமில்லை அம்மா" என்கிறாள். மூன்று மணித்தியாலமாக ஒண்டுமில்லை. அப்பாவைக் கேட்டேன். "கதைக்குதுகள்தானே, விடு" என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் பல்லரோச் சந்தைக்குப் போய்விட்டார்.

நேற்று அக்கா உன்னைப் பற்றி ஒன்று சொன்னாள். நல்லதல்ல. கதை காவ வேண்டாமென்று நீ சொன்னதால் நான் எழுதவில்லை. தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேட்டு எழுது.

அம்மா