நீ போட்டுவிட்டுப் போன கையெழுத்து

நேற்று சாத்தூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண், டிக்கெட் எடுத்த கையோடு தூங்கிப்போனாள். தலை சாய்ந்து சாய்ந்து கடைசியில் என் தோளில் வந்து விழுந்தது. முடியில் மருந்து வாடை. நம் பக்கத்தில் மருந்து என்று சொன்னால், பட்டாசுக்குள் திணிக்கிற மருந்தா, ஆஸ்பத்திரி மருந்தா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. சீயக்காய் போட்டு எத்தனை தடவை அலசினாலும் போகாத அந்த வாடை உன் தலையில் இருந்ததே கிடையாது. "நான் வீட்டுல வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுறவ டீச்சர், என் தலையில பசை வாடைதான் அடிக்கும், வேணும்னா மோந்து பாருங்க" என்று தலையை என் மூக்குக்கு நேராக நீட்டுவாய். அப்படிப்பட்டவள் கடைசியில் அந்த வாடையோடுதானே போனாய் என்று நினைத்ததும் எனக்கு இறங்க வேண்டிய இடம் தப்பிவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன்.

ஐந்து வருடமாக உன்னைப் பற்றி நான் எழுதியதெல்லாம் மனுக்கள்தான். மேற்படி, மேற்கண்ட, காலஞ்சென்ற என்று எழுதி எழுதிக் கை அதற்கே பழகிவிட்டது. அவற்றில் உன் பெயரை எத்தனை முறை எழுதினேனோ தெரியாது. ஒரு முறைகூட அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேரவில்லை. இதிலாவது பெயர் எழுதாமல் உன்னோடு பேசிவிடுகிறேன்.

தாயில்பட்டியில் எங்கள் டிரஸ்ட் மாலை வகுப்பு தொடங்கிய முதல் வாரம், வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். பட்டாசு சீசன் வந்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்வதுதான் என் வேலை. நீ வாசலில் உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டே, "டிரஸ்ட்டுன்னா என்ன குடுப்பீக?" என்று கேட்டாய். கொடுக்க ஒன்றும் இல்லை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பச் சொல்லுவோம் என்றேன். "இதுக்கு எதுக்குங்க டிரஸ்ட்டு? எங்காத்தா வெளக்கமாத்தை எடுத்தான்னா நாங்க தானா ஓடுவோம்" என்றாய். தெருவே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் டீச்சர் இல்லை, அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று வேறு சொன்னேன். "கையில நோட்டு வச்சிருக்கீக, மூஞ்சில கோவம் வச்சிருக்கீக, பெறகு டீச்சர் இல்லாம யாராம்?" அன்றிலிருந்து ஊருக்கே நான் டீச்சராகிப் போனேன்.

உன் வீட்டுக்காரர் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனவர், போனவர்தான். ஒரே மகள் செல்வக்கனி. அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் உன் கேலியெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவளை மாரியம்மன் சந்நிதிக்கு இழுக்கிறாயே என்றதற்கு, "ஆத்தா சாதி மதம் பாத்தா உள்ள விடுதா, சும்மா வாங்க" என்றாய். கூட்டத்தில் கனியை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றவள், திடீரென்று என் கையைப் பிடித்தாய். "நானும் முந்தி கம்பெனிக்கு வெடிச் சரம் பின்னப் போனவதான். பக்கத்து ரூம்ல ஒரு நா தீப்பிடிச்சுது, அன்னைக்கே விட்டுட்டேன். இவ மருந்து தொடவே கூடாது டீச்சர். எனக்கு ஒண்ணுன்னாலும் நீங்க விட்டுறக் கூடாது." சரி என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன் தெரியுமா? நாளைக்குக் குடை கொண்டு வருகிறேன் என்பதுபோலச் சொன்னேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் என் வாயால் உன்னிடம் சொன்னதில்லையே.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின சீசன். டிரஸ்டின் மெட்ராஸ் ஆபீசிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், தாய்மார் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமாம் என்று எனக்குத் தகவல் வந்தது. எல்லாரும் கட்டாயம் வர வேண்டும், ஒரு ஆள் குறையக்கூடாது என்று நான் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டேன். முழு வருகை என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்கிற ஆசை. வேறொரு புண்ணியமும் இல்லை அதில். பேச்சியம்மாள் மட்டும் கையைப் பிசைந்தாள். மகனை எட்டாம் வகுப்போடு நிறுத்தப் பார்த்தவள் அவள். அவள் கட்டாயம் வர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். "சீசன்ல லீவு கேட்டா போர்மேன் எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாரு டீச்சர். மாத்தாளு விட்டாத்தான் வர முடியும்" என்றாள்.

மாத்தாளு. கம்பெனி நோட்டில் ஒருத்தி பெயர் இருக்கும். அவள் வராத நாளில் இன்னொருத்தி போய், அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வேலை பார்ப்பாள். போர்மேனுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். சரம் குறையாமல் போனால் போதும். எனக்கும் தெரியும். அதை ஒரு தப்பாக நான் நினைத்ததே இல்லை.

"நான் போறேன் ஒரு நாளைக்கு" என்றாய் நீ. "பழகின கைதானே. நீங்க ஆசப்பட்ட மாதிரி கூட்டத்தை நடத்துங்க." அப்போது நீ வராமல் போனால் ஒரு ஆள் குறையுமே என்று நான் முகத்தைச் சுருக்கினேன். என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள் நீ. "அதுக்கா மூஞ்சி இம்புட்டு போகுது? நோட்டைக் குடுங்க, இப்பமே போட்டுட்டுப் போறேன்" என்று என் கையிலிருந்த வருகை நோட்டை வாங்கி, மறுநாள் தேதி எழுதிய பக்கத்தில், உன் பெயருக்கு நேராக, எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாய். கனி சொல்லிக்கொடுத்த கையெழுத்து. போட்டு முடித்து ஊதிவிட்டுக் கொடுத்தாய். நான் வாங்கிக்கொண்டேன்.

காலையில் வேன் ஏறும்போது, "இன்னைக்கு நான் பேச்சியம்மா, ஏம் பேரைச் சொல்லி யாராச்சும் கூப்பிட்டீகன்னா திரும்ப மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்ததாக உன்னோடு போன பெண் பிறகு சொன்னாள்.

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சத்தம் கேட்டது. தகரக் கூரை அதிர்ந்தது. நம் பெண்கள் ஒருத்தியும் கத்தவில்லை. எழுந்து வெளியே ஓடி, புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்த்தார்கள். பேச்சியம்மாள்தான் முதலில் தரையில் உட்கார்ந்தாள். மெட்ராஸ் ஆட்கள் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறந்தவர்கள் பட்டியல் வாசித்தபோது பேச்சியம்மாள் பெயரை வாசித்தார்கள். அவள் புருஷன் மண்ணில் புரண்டு அழுதான். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்தினேன். அவன் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் கனி என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எங்கம்மா எங்க டீச்சர்?" என்று கேட்டாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை. உன் காலில் இருந்த மெட்டியை அவள்தான் அடையாளம் காட்டினாள்.

பட்டியலில் பெயர் மாறியதும் கம்பெனி கையை விரித்துவிட்டது. அந்தப் பெண் எங்கள் ஆளே இல்லை என்றார்கள். பேச்சியம்மாள் அன்று வேலைக்கு வந்து உயிர் தப்பியவர், இவர் யாரையோ பார்க்க வந்தவர், அனுமதியின்றி உள்ளே நுழைந்தவர் என்று எழுதினார்கள். அந்த வரியை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளைக் கிழித்திருப்பேன். நகல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதால் விட்டேன். வேலையில் இறந்த தொழிலாளியின் பிள்ளை என்று ஒரு காகிதம் இருந்தால் கனி படிப்பு முடியும்வரை அரசாங்க உதவியில் போய்விடலாம். அந்தக் காகிதத்துக்குத்தான் இத்தனை வருட அலைச்சல்.

நீ பேச்சியம்மாளுக்காகப் போனாய் என்று ஊருக்கே தெரியும். ஆனால் எழுதிக் கையெழுத்துப் போடு என்றால் ஒருத்தியும் முன்னே வரவில்லை. அவர்களையும் குற்றம் சொல்ல முடியவில்லை. அதில் மாத்தாளாகப் போகாதவளோ, மாத்தாள் விடாதவளோ யார்? பேச்சியம்மாள் மட்டும் வந்தாள். "என் சாவை அவ வாங்கிட்டுப் போயிட்டா, நான் ஒரு கையெழுத்துக்குப் பயந்து கெடக்கவா?" என்றாள். அதன் பிறகு எந்தக் கம்பெனியிலும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. அதற்கு அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவளை அழைத்துக்கொண்டு தொழிலாளர் நல ஆபீசுக்குப் போனேன். அன்றைக்குப் பேச்சியம்மாள் எங்கள் கூட்டத்தில்தான் இருந்தாள், அவள் இடத்தில்தான் நீ போனாய் என்று நான் படபடவென்று சொன்னேன். அதிகாரி நல்ல மனிதர்தான், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். கூட்டத்து நோட்டைக் கேட்டார். எடுத்து நீட்டினேன். பேச்சியம்மாள் கையெழுத்தைப் பார்த்தார். விரலைக் கீழே இறக்கினார்.

"இறந்துபோன அம்மாவும் உங்க மீட்டிங்குக்கு வந்திருக்காங்களே."

எட்டிப் பார்த்தேன். நீ எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து.

"இங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டு, பிறகு அங்க போயிருக்காங்க. அப்ப கம்பெனி சொல்றது சரிதானே? வேலைக்குப் போனவங்க காலையிலயே போயிருக்கணுமே."

இல்லை சார், அது முதல் நாளே போட்ட கையெழுத்து, நான்தான் போடவிட்டேன் என்றேன். அவர் நோட்டை மூடி என் பக்கமாகத் தள்ளினார். கோபமாகக்கூட இல்லை. "அப்படின்னா இந்தப் பேச்சியம்மா கையெழுத்தும் முதல் நாளே போட்டதா இருக்கலாமேம்மா. எதை வச்சு நான் நம்ப?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? அவர்கள் நோட்டில் நீ பேச்சியம்மாள். என் நோட்டில் நீ தாய்மார் கூட்டத்துக்கு வந்தவள். அவர்கள் பொய்யை நிமிர்த்தி நிறுத்தியது என் பொய்தான். வெளியே வந்து புளிய மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். பேச்சியம்மாள்தான் என் முதுகைத் தடவிவிட்டாள். மேல் ஆபீசுக்கு மனு போட்டேன், வக்கீலைப் பார்த்தேன், எங்கள் டிரஸ்டிலேயே நடந்ததை எழுதிக் கொடுத்தேன். "வருந்தத்தக்க நடைமுறைத் தவறு" என்று பதில் வந்தது. எல்லா இடத்திலும் அந்த நோட்டின் நகலைத்தான் கேட்டார்கள்.

இப்போதெல்லாம் என் கூட்டத்தில் ஒருத்தரையும் முன்னதாகக் கையெழுத்துப் போட விடுவதில்லை. பாதிப் பக்கம் வெறுமையாகப் போகிறது. புதிதாக வந்த பெண் என்னை ரொம்பக் கறார் என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் அண்ணன் வீட்டில்தான் வளர்ந்தாள். அவருக்கும் மூன்று பிள்ளைகள். பாவம், முகம் சுளிக்காமல்தான் வைத்துக்கொண்டார்கள். எங்கள் டிரஸ்ட் பிளஸ் டூ வரைக்கும் பார்த்துக்கொண்டது. பாஸ் பண்ணினாள். நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். என் அக்கா நர்ஸ், அவளையும் கூட்டிக்கொண்டு நாலைந்து இடம் ஏறி இறங்கினோம். அந்தக் காகிதம் இல்லாமல் ஒன்றும் கூடிவரவில்லை. பதினெட்டு முடிந்ததும் எங்கள் பட்டியலிலிருந்தும் கனியின் பெயர் போய்விட்டது. குழந்தைகளுக்கான திட்டமாம், அவள் இப்போது குழந்தை இல்லையாம். எடுத்த கை என் கைதான்.

போன மாதம் வீட்டுக்கு வந்தாள். உன் மூக்கு, உன் நடை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"திங்கக்கெழமையிலருந்து கம்பெனிக்குப் போறேன் டீச்சர். சரம் பின்ன."

என்னென்னவோ சொன்னேன். ஒரு வருடம் பொறு, கடையில் வேலை பார்க்கலாம், அச்சுப் பிரஸ்ஸில் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். "எல்லாம் கேட்டாச்சு டீச்சர், நீங்களும்தானே கூட வந்தீக" என்றாள். உண்மைதான். உங்கம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்தேன் என்று சொல்லி அழுதேன். அவள் அழவில்லை. "தெரியும். அம்மா சொல்லியிருக்கு. நீங்க என்னத்தச் செய்வீக" என்றாள். திட்டியிருக்கலாம். உன்னைப்போல நாலு வார்த்தை கேலியாவது பண்ணியிருக்கலாம்.

பிறகு, "ஒரே ஒரு ஒத்தாசை பண்ணணும் டீச்சர்" என்றாள். "மாத்தாளா வரச் சொன்னாக. மாட்டேன்னுட்டேன். எம் பேர்லயே போறேன். நோட்டுல பேரு ஒழுங்கா ஏத்தியிருக்காகளான்னு நீங்க கூட வந்து பாக்கணும்."

போனேன். எத்தனை வருடமாகப் பிள்ளைகளை அந்த மாதிரி கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்திவைப்பதற்காகச் சம்பளம் வாங்கினேனோ, அந்தக் கேட்டுக்குள் உன் மகளை நானே கூட்டிக்கொண்டு நுழைந்தேன். போர்மேன் ஆதாரைப் பார்த்தார், எழுதினார், நோட்டை என் பக்கம் திருப்பினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். இனிஷியல், பெயர், ஊர், வயது. ஒரு பிழை இல்லை. கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதிதான்.

"சரியா இருக்கா டீச்சர்?"

"சரியா இருக்கும்மா."

"இப்ப நீங்க பாத்துட்டீக. நாளைக்கே எனக்கு ஒண்ணுன்னா, இவ இங்கன வரவே இல்லன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?"

"சொல்ல முடியாது கனி" என்றேன். உன் மகளுக்காக என்னால் ஆனது இவ்வளவுதான்.