எட்டு செல்லில் நின்ற கரு

தியாகராய நகர்,
3.6.2024

அன்புள்ள ஜான்சிக்கு,

அடையாறு ஒரு பஸ் தூரம்தான். ஆனால் போனில் பேசினால் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அதனால் கடிதம்.

இந்த முறையும் சோதனைக்குழாய்க் கரு மூன்றாம் நாள் எட்டு செல்லில் நின்றுவிட்டது. "மாடிப்படி ஏறாதன்னு அப்பவே சொன்னேம்லா" என்கிறார் அத்தை. கரு இருந்தது ஆஸ்பத்திரிப் பெட்டிக்குள். நான் எந்தப் படி ஏறினால் அதற்கென்ன? ஆராய்ச்சிக்கூடத்தில் நாள் முழுக்க மீன் கருவைப் பார்க்கிறவள் நீ, சொல். தப்பு என்னுடையதா?

உன்,
தீபிகா

அடையாறு,
5.6.2024

என் தீபிக்கு,

கருவின் முதல் சில பிளவுகள் முட்டையில் அம்மா வைத்த சரக்கைக் கொண்டே நடக்கும். அது தீருவதற்குள் கருவின் சொந்த மரபணுக்கள் விழித்து வேலையை ஏற்க வேண்டும். மனிதக் கருவில் அது ஏறக்குறைய மூன்றாம் நாள். விழிக்காவிட்டால் பிளவு நின்றுவிடும். அந்த மரபணுக்களில் பாதி ராகேஷ் தந்தது. ஏன் விழிக்கவில்லை என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. உன்மேல் பழி போட இதில் இடமே இல்லை, பைத்தியமே. வேளைக்குச் சாப்பிடு.

ஜான்சி

தியாகராய நகர்,
8.6.2024

ஜான்சி,

உன் கடிதத்தை ராகேஷ் பிரித்துவிட்டார். முதல் வரியை மட்டும் எல்லோர் முன்னாலும் வாசித்தார். "பாத்தியா, உன் ஃப்ரண்டே எழுதிருக்கா, எல்லாம் முட்டைச் சரக்குதான்னு." மீதியை அவர் துவைக்கப் போட்ட சட்டைப்பையிலிருந்துதான் எடுத்துப் படித்தேன்.

வெள்ளிக்கிழமை, வேறொரு பெண்ணின் முட்டைக்கு நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு வேண்டாம் ஜான்சி.

உன்மேலும் கோபம்தான். அந்த வரியை ஏன் முதலில் எழுதினாய்? இனி எழுதாதே. வருவதையெல்லாம் அவர்தான் பிரிக்கிறார்.

தீபிகா

அடையாறு,
11.6.2024

ராகேஷ் அவர்களுக்கு,

தீபிகாவுக்கு வேறொரு பெண்ணின் முட்டை வேண்டாம்.

போன கடிதத்தில், கரு வளரும் வரிசையிலேயே எழுதிவிட்டேன். ஆராய்ச்சிக்கூடத்துப் பழக்கம். படிப்பவர் எங்கே நிறுத்துவார் என்று யோசிக்காதது என் தப்பு. அதனால் இந்த முறை முக்கியமானதை முதல் வரியில் வைத்திருக்கிறேன். அவள் பெயருக்கு வருவதை நீங்கள்தான் பிரிக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

"அந்தப் பொண்ண இட்டாந்துடு, நம்மூட்ல எடம் கீது" என்று என் அம்மா சொல்லிவிட்டார். வெள்ளி காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவோடு நிற்பேன். என்னோடு வர விருப்பமில்லை என்றால், அதை அவள் கீழே வந்து சொல்லட்டும். நீங்கள் வந்து சொன்னால் நான் போக மாட்டேன்.

ஜான்சி