இரண்டு வரிசைப் பூவரசு

சுன்னாகம்
12.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் தங்கை கனகாம்பிகை எழுதுகிறேன். முப்பத்தாறு வருஷம் பேசாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று யோசிப்பீர்கள். கனடா முகவரி தந்தது உங்கள் மகள் வினோஜா. "அப்பாவுக்கு ரெலிபோனிலை ஒண்டும் கேக்காது மாமி, கடிதம் போடுங்கோ" என்றாள்.

ஆமிக்காரர் எங்கள் ஊரைத் திருப்பித் தந்துவிட்டார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் உடுத்த உடுப்போடு ஓடிவந்த ஊருக்குள் போன மாதம் மகன் பிரவீணனோடு போனேன். உங்கள் வீடும் இல்லை, என் வீடும் இல்லை. சுவர் இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை ஆளுயரத்துக்கு நிற்கிறது. கிணறு தூர்ந்து கிடக்கிறது. பாதிப் பேர் தங்கள் வளவு எது என்று தெரியாமல் அழுதுகொண்டு திரிகிறார்கள். எனக்கு மட்டும் உடனே தெரிந்துவிட்டது. நாங்கள் சண்டை பிடித்த வேலி நிற்கிறது!

வேலிக்குக் கதியாலாக நட்ட பூவரசுத் தடியெல்லாம் வெட்ட ஆளில்லாமல் பெரிய மரமாகிவிட்டது. வீடு போனாலும் வேலி நிற்கிறது. யாழ்ப்பாணத்து ஊர் என்றால் வேறு எப்படி இருக்கும்?

ஆனால் ஒரு குழப்பம். வேலி ஒன்றல்ல, இரண்டு. முன்னுக்கு ஒழுங்கை வாசல் பக்கம் இரண்டு வரிசையும் ஒன்றாகத் தொடங்கி, போகப் போக விலகி, பின்பக்கம் நான்கு முழம் இடைவெளி. மேற்கு வரிசைதான் எங்கள் எல்லை என்று நான் உங்கள் மேல் வழக்குப் போட்டுக் கோட்டில் சொன்னேன். கிழக்கு வரிசை, எண்பத்தொன்பதில் நீங்கள் என் கண் முன்னால் அந்த வேலியைத் தறித்துவிட்டு என் வளவுக்குள் போட்டது. தறித்த அடிகளும் தளிர்த்துவிட்டன. வழக்கு முடிய முன்னமே ஊரை விட்டு ஓடினோம்; நான் சொன்னது பொய்யில்லை என்பதற்கு இனி மரமே சாட்சி.

ஆவணியில் நிலஅளவையாளர் வருகிறார். காணி உறுதிப் பத்திரத்தில் "மேற்கு எல்லை கதிரவேலுவின் காணி" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. நானும் நீங்களும் ஒரே வரிசையை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால்தான் அரசாங்க வீட்டுத்திட்டம் கிடைக்கும். பிரவீணனின் தகப்பன் போய் ஐந்து வருஷம். மருமகளின் குசினியில் கரண்டி பிடிக்கவும் அனுமதி கேட்கிற சீவியம் எனக்குப் போதும். பழைய கோபத்தை விட்டு, எது எல்லை என்று எழுதுங்கள். புது வீட்டில் குடிபூரும் நாளில் நீங்கள்தான் வந்து முன்னுக்கு நின்று பால் காய்ச்ச வேண்டும்.

அன்புத் தங்கை
கனகாம்பிகை


ஸ்காபரோ
08.06.2025

அன்புள்ள தங்கச்சி,

உன் எழுத்தைக் கண்டதும் நின்ற இடத்திலேயே உறையைக் கிழித்துப் படித்தேன். உன் மனுஷன் தியாகர் போனதை வினோஜா சொன்னாள். அப்போதே உனக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, அது என் பிழை.

வேலியைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. எந்த வரிசையைக் காட்டினாலும் சரி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணை
கதிரவேலு


சுன்னாகம்
02.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

மழுப்பாதீர்கள். ஐந்தாம் வகுப்பில் நான் கணக்கில் வாங்கிய புள்ளியை என் கலியாணப் பந்தலில் சொல்லிச் சிரித்தவர் நீங்கள். உங்களுக்கா ஞாபகமில்லை?

என் குழப்பம் இப்போது கூடிவிட்டது. பற்றை வெட்ட ஜெறோம் என்று ஒருவரைப் பிடித்தோம். கிழக்கு வரிசையில் ஒவ்வொரு மரத்தோடும் ஒட்டி, அதைவிடப் பருத்த அடி ஒன்று கிடப்பதைக் காட்டினார். "அம்மா, உந்த இடத்திலை ரண்டு தரம் வேலி போட்டிருக்கினம். இதுதான் மூத்த வேலி" என்றார்.

நீங்கள் புதிதாக இழுத்த இடத்தில் அதற்கு முன்பே வேலி இருந்ததா? கண்ணை மூடி நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நேரம் இங்கே நிற்கிறது, ஒரு நேரம் அங்கே நிற்கிறது. பைத்தியம் பிடிக்கும் போல இருக்கிறது. என்னாணை அண்ணை, உள்ளதை எழுதுங்கள்.

கனகாம்பிகை


ஸ்காபரோ
30.07.2025

அன்புள்ள தங்கச்சி,

என்னாணை என்று எழுதிவிட்டாய். இனி மறைக்க வழியில்லை.

ஐயா உனக்குச் சீதனம் எழுதியபோது போட்ட வேலி கிழக்கு வரிசைதான். எண்பத்தெட்டில் நீ பிள்ளைப்பேற்றுக்குப் பருத்தித்துறையில் சின்னம்மா வீட்டில் நின்றாய். நான் மன்னாரில் வேலை. அந்த வருஷம் வேலி அடைக்கிற முறை தியாகருடையது. அவர் பழைய கதியாலைத் தறித்துவிட்டு, நான்கு முழம் என் பக்கம் தள்ளி வேறு நட்டு, புதுத் தென்னோலைக் கிடுகு கட்டிவிட்டார். நீ கைப்பிள்ளையோடு வந்து பார்த்தது அந்த வேலியை; ஒழுங்கைப் பக்கம் மாறாததால் உனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வருஷம் நான் அதைப் பழைய இடத்தில் திருப்பிப் போட்டேன். உன் கண்ணில் பட்டது அது மட்டும்தான்.

அன்று பின்னேரம் தியாகர் வந்து என் கையைப் பிடித்தார். "மச்சான், பிழை விட்டிட்டன். அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாள்" என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நீ வழக்குப் போடுவாய் என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை. கோட்டு வாசலில் என்னைப் பார்த்துக் காறித் துப்பினாய். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கதிரவேலு


சுன்னாகம்
29.08.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. உங்கள் பெயரை எடுத்தாலே இவர் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்காகக் கோபப்படுகிறார் என்று நினைத்து அதையும் மெச்சிக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்போது அவர் படத்துக்குப் பூ வைக்கப் போனால் திட்ட வருகிறது. திட்டிவிட்டு அழுகிறேன்.

நேற்று நிலஅளவையாளர் வந்தார். கிராம அலுவலர் விதானையாரும் அயலவரும் நின்றார்கள். பிரவீணன் நூலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா அடைச்ச வேலி எது?" என்று கேட்டான்.

நான் மேற்கு வரிசையைக் காட்டினேன்.

அண்ணை, நீங்கள் எழுதியதில் எனக்கு ஒரு சொல்லும் சந்தேகமில்லை. ஆனால் கிழக்கைக் காட்டினால் ஏன் என்று கேட்பார்கள். வழக்குப் போட்டவளே மாற்றிச் சொன்னால் விடுவார்களா? பிள்ளைக்கு முன்னால், செத்த மனுஷனைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் செய்தது சரியா பிழையா என்றும் தெரியவில்லை.

படிவத்தை இதனோடு வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்து வைக்காவிட்டால் கோபிக்க மாட்டேன். அன்று துப்பியதற்கு உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். குடிபூரலுக்கு வருவீர்களா? கேட்கவும் வெட்கமாக இருக்கிறது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

கனகாம்பிகை


ஸ்காபரோ
25.09.2025

அன்புள்ள தங்கச்சி,

படிவம் மூன்று நாள் மேசையில் கிடந்தது. இன்று காலை கையெழுத்து வைத்தேன், இதனோடு வருகிறது. உனக்கு வீடு வேண்டும். அந்த நான்கு முழம் எனக்கு எதற்கு?

சரியா பிழையா என்று கேட்டாய். அன்று நானும் தியாகரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால் உன்னைப் பிழை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் குடிபூரலுக்கு என்னை எதிர்பார்த்திருக்காதே. கோட்டில் என்னைக் கள்ளன் என்றபோது உனக்கு உண்மை தெரியாது. அந்த எண்ணத்தில்தான் இத்தனை காலம் ஆறுதலாக இருந்தேன். இப்போது தெரிந்துகொண்டே மேற்கு வரிசையைக் காட்டி, ஊருக்கு முன்னால் அதையே திரும்பவும் சொல்லிவிட்டாய். அந்தப் பெயரோடு வந்து உன் வாசலில் நிற்க என்னால் முடியாது. பிரவீணனைக் கொண்டு பால் காய்ச்சு.

இனி எழுதாதே என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. நீ எழுது. நான் பதில் போடுவேனோ தெரியாது.

கதிரவேலு