கூப்பிட்டது கேட்டது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று வழக்கம்போல எழுத வந்தேன், கை கூசுகிறது. அம்மாவின் கைக்கட்டு இன்னும் மூன்று வாரம் இருக்க வேண்டுமாம். வலி குறைந்திருக்கிறது, தூங்குகிறாள், டாக்டரையே அதட்டுகிறாள், அதனால் பயப்படாதே. சமையலறை ஜன்னல் தாழ்ப்பாளை ஒருவழியாக மாற்றிவிட்டேன். மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்று எழுதியிருந்தாய், கனமான பெட்டியைக் குனிந்து தூக்க வேண்டாம் என்று சொல்.

உனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை, அப்பா தினமும் தியானத்தில் உட்காருகிற முறையை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். உன் சிநேகிதிகளிடமெல்லாம் எங்க அப்பா ரிட்டயரானதும் ஆளே மாறிட்டாருன்னு சொல்லியிருக்கிறாயாம். படித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மா விழுந்தபோது நான் கடைக்குப் போயிருந்ததாக உன்னிடம் சொன்னாள் இல்லையா, அது பொய். நான் வீட்டில்தான் இருந்தேன். பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நீ வாங்கி அனுப்பிய மெத்தைமேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். ஆறிலிருந்து ஏழு வரை என்ன சத்தம் வந்தாலும், சத்தம் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு விட்டுவிட வேண்டும், அதுதான் எங்கள் மூச்சுப் பயிற்சி வாத்தியார் சொல்லிக்கொடுத்தது. குளியலறையில் தொப்பென்று கேட்டது, வாளி என்று நினைத்தேன். அப்புறம் என்னங்க என்று கூப்பிட்டாள். சத்தம் என்று மனசுக்குள் சொல்லி, விட்டுவிட்டேன். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, கொஞ்சம் வாங்களேன் என்றாள். எனக்குத் தெளிவாகக் கேட்டதம்மா, அதை மறைக்க மாட்டேன். இவள் எப்போதும் இப்படித்தான் தொந்தரவு பண்ணுவாள், இன்றைக்கு நான் அசையவே இல்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. த்தூ!

முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். மணி அடித்தால் சாப்பிட்ட கையோடு ஓடுவேன். கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, முதலில் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் குரல் கொடு, வந்துட்டேன்னு சொல்லு என்றுதான் கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் சொல்லுவேன். ஊரார் பெண்டாட்டிக்கெல்லாம் ஓடிய கால், சொந்தப் பெண்டாட்டிக்கு எட்டு அடி நடக்கவில்லை. ஏழு மணிக்கு அலாரம் அடித்ததும் முகத்தில் ஒரு சாந்தத்தோடு வெளியே வந்தேன். அப்புறமும் சத்தமில்லையே என்று போய்ப் பார்த்தால், குளியலறைக் கதவு தாழ்கூடப் போடவில்லை, வெறுமனே சாத்தியிருந்தது. ஈரத்தரையில் கையைப் பிடித்தபடி சாய்ந்து கிடந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். உங்க நேரம் முடிஞ்சிடுச்சா என்றுதான் கேட்டாள்.

அன்றிலிருந்து அந்த மெத்தையில் நான் உட்காரவில்லை. காலையில் அவளுக்குப் பல் விளக்கப் பசை பிதுக்கிக் கொடுக்கிறேன், சட்டைக் கையைப் பார்த்து மாட்டிவிடுகிறேன், தலை வாரிவிடுகிறேன். முதல் நாள் பின்னலைத் தொட்டுப் பார்த்து, இதென்ன லிஃப்ட் கயிறா என்று சிரித்தாள். சிக்கு எடுக்கும்போது அவளுக்கு வலிக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே வருவதில்லை. ரெண்டு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு தேடினேனே ஒரு அமைதி, அது அந்தச் சீப்பு பிடிக்கிற கால் மணி நேரத்தில் தானாக வந்து பக்கத்தில் உட்காருகிறது. ஆனால் அதைச் சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருக்கிறது. அவள் கை ஒடிந்ததால் எனக்குக் கிடைத்தது என்றால் என்னை எதால் அடிப்பது? நீ கேட்ட முறை என்னிடம் இல்லையம்மா. உன் குழந்தை கூப்பிட்டால் எழுந்து போ, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அம்மா பொய் சொன்னதற்காக அவளிடம் கோபப்படாதே, கோபத்தை என்மேல் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, அவள் காத்திருப்பாள். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

கையெழுத்துப் போடப் போகும்போது உள்ளேயிருந்து கூப்பிட்டாள். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒண்ணுமில்லை, சும்மாதான், வர்றீங்களான்னு பார்த்தேன் என்றாள். தினமும் ரெண்டு மூன்று தடவை இப்படிக் கூப்பிட்டுப் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா