முறை பார்த்து ஆள் நிறுத்திய பெர்சியாக்காரர்

என் பிரியமுள்ள பஹ்ராம் அண்ணே,

போன ஞாயிற்றுக்கிழமை மில் மைதானத்தில் ஊரே பார்க்க நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பழைய கோல்கீப்பர் என்ற மரியாதைக்கு, முதல் உதை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கி வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கழுத்தில் போட்ட மாலையைக் கழற்ற மனமில்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து உதைத்தேன். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. நான்தான் இல்லை. நான் வீடு போய்ச் சேரும் முன்பே செய்தி போய்ச் சேர்ந்து, என் வீட்டுக்காரி வெந்நீர் போட்டு வைத்திருந்தாள்.

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள். "கண்ணு பந்து மேல இல்ல சேதுராம், சனங்க மேல இருந்துச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பீர்கள். அதைச் சொல்ல ஆள் இல்லாமல்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் மதுரையில் வந்து இறங்கிய நாளில் ஊருக்குள் கிளம்பிய பேச்சுகள் உங்கள் காதுக்கு முழுசாக வந்திருக்காது. கத்தி விற்க வந்த பெர்சியாக்காரர் என்றது ஒரு தெரு. அத்தர் விற்க வந்தவர் என்றது அடுத்த தெரு. அந்த நாட்டு ராஜாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றும் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவன் நான். உண்மை இவ்வளவு சுவையாக இல்லை. உங்கள் ஊரான ஆபாதான் துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல் மாலுமிகளோடு பந்து விளையாடிப் பழகி, பம்பாய்த் துறைமுகத்து அணியில் பேர் வாங்கி, முட்டி உடைந்து நின்ற ஆள் நீங்கள். இனி ஓட முடியாது, ஓட வைக்கலாம் என்று எங்கள் மில்லின் வெள்ளைக்கார மேனேஜர் உங்களைக் கூட்டி வந்தார்.

அன்று நான் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவனுக்கு இந்துஸ்தானியும் வந்துவிடும் என்று மேனேஜர் நினைத்து என்னை உங்களுக்குத் துபாஷி ஆக்கினார். வரவில்லை. சமாளித்தேன். "காலை அகட்டாதே" என்று நீங்கள் சொன்னதை "காலையில் வராதே" என்று மாற்றிச் சொல்லி ஒரு நாள் பயிற்சியையே கெடுத்தேன். டீக்கடையில் நீங்கள் பால் வேண்டாம் என்று கறுப்பு டீ வாங்கி, பல்லிடுக்கில் கற்கண்டைக் கவ்விக்கொண்டு உறிஞ்சுவதைப் பார்த்து, "இவருக்கு என்ன வியாதி தம்பி?" என்று கடைக்காரர் என்னைத் தனியாகக் கேட்டார். அவங்க ஊர் வைத்தியம் என்று சொல்லி வைத்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, விளாங்குடிப் பக்கத்துப் பஞ்சு பாக்டரி அணியோடு மோதும்வரை. மற்ற எல்லாரையும் ஜெயிக்கிற நாம் அவர்களிடம் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றோம். மேனேஜருக்கு அது மானப் பிரச்சினை. அந்த பாக்டரி துரையோடு அவர் கிளப்பில் ஒரே மேஜையில் உட்கார வேண்டுமே. "இன்னொரு தடவை தோற்றால் உங்கள் கோச் பம்பாய் ரயில் ஏறலாம்" என்று என்னிடம் சொன்னார். அதை உங்களிடம் மொழிபெயர்த்தபோது மட்டும் என் இந்துஸ்தானியில் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஆபாதான் வீட்டைத் தம்பிமார் பிரித்துக்கொண்டார்கள், பம்பாயில் முட்டி உடைந்தவனுக்குப் படுக்க இடமில்லை என்று மெதுவாகச் சொன்னீர்கள். உங்களுக்குப் போக இடமே இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள், கோலுக்கு முன்னால் மறித்து நிற்க வேண்டிய நம் பேக் மாயாண்டியைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? பந்தோடு வந்தவனுக்கு நீ ஏன் ஒதுங்கி வழி விட்டாய் என்று.

"அவரு எந் தங்கச்சி மாப்ளண்ணே. கல்யாணம் முடிஞ்சு இன்னும் ஒரு ஆடி கூடக் கழியல. நான் மறிச்சு அவரு விழுந்து வச்சாருன்னா எங்க ஆத்தா எனக்குச் சோறு போடுமா?"

பக்கத்தில் நின்றவன் சும்மா இருக்கவில்லை. "எனக்கு எதுத்தாப்ல நிக்கிறது எங்க சித்தப்பாண்ணே. அம்புட்டுப் பேரு பாக்க அவரு முதுகுல இடிக்கச் சொல்றீகளா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இரண்டு அணியிலும் பாதிப்பேர் எழுமலைப் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். ஒரே ஊரில் பிறந்து, ஒருத்தருக்கொருத்தர் பெண் கொடுத்து எடுத்து, வேலைக்கு மட்டும் வேறு வேறு வாசலில் நுழைகிறவர்கள். இதை எனக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் எப்படியோ உங்களுக்குச் சொல்லி முடித்தேன். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ முட்டி வலியை மறந்து சிரித்தீர்கள். உங்கள் ஊரிலும் விருந்துக்குப் போன இரண்டு பேர் வாசலில் நின்றுகொண்டு, நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று சோறு ஆறிப்போகும்வரை உபசாரம் செய்வார்களாம். "அந்த வாசல் சரி. கோல் வாசலிலுமா?" என்றீர்கள்.

பிறகு ஒரு வாரம் நம் அணி பந்தைத் தொடவில்லை. மைதானத்து மண்ணில் நீங்கள் குச்சியால் கோடு போட்டுக்கொண்டே போனீர்கள். யாருக்கு யார் மாமன், யார் வீட்டில் யார் பெண் எடுத்தது என்று எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் சொல்லிச் சண்டை போட்டார்கள். நீங்கள் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தைகளே மச்சான், பங்காளி, கொழுந்தியா. முடிவில் மாயாண்டியை இடம் மாற்றி, அவனோடு வரப்புத் தகராறில் இருக்கும் பங்காளிக்கு நேர் எதிரே நிறுத்தினீர்கள். நம் பார்வர்டு கருத்தப்பாண்டியை எதிரணி பேக் வேலுச்சாமியின் பக்கம் அனுப்பினீர்கள். வேலுச்சாமியின் தங்கையைக் கட்டியவன் கருத்தப்பாண்டி.

"மாப்பிள்ளைக்கு மச்சான் வழி விடுவாரா, மாட்டாரா?" என்று கேட்டீர்கள்.

"விடாம? பிரியாணியே போடுவாரு" என்றான் மாயாண்டி.

கடைசியாக என்னைப் பார்த்தீர்கள். "சேதுராம், உனக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் யாரும் இல்லையே?" இல்லை என்றேன். "அப்ப கோலுக்குள்ள நில்லு." என் பந்தாட்டத் திறமைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அந்த ஆட்டத்தை நான் கோலுக்குள்ளிருந்து பார்த்தேன். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு. மாயாண்டி தன் பங்காளியை ஒரு அடி நகர விடவில்லை. பந்து எங்கோ போன பிறகும் இரண்டு பேரும் வரப்பைப் பற்றியே பேசிக்கொண்டு ஒட்டி நின்றார்கள். இரண்டு பக்கமும் கோல் விழாமல் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் ஓரத்தில் நின்று கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தீர்கள். அப்போது கருத்தப்பாண்டி பந்தோடு வேலுச்சாமியை நோக்கி ஓடினான். "போ மாப்ள, மச்சான் ஒதுங்கிக்கிருவாரு" என்று நம் ஆட்கள் கத்தினார்கள். வேலுச்சாமி தலை குனிந்து ஒதுங்கினார். கோல்.

அதன் பிறகு உங்களை ரயில் ஏற்றுவது பற்றி யாரும் பேசவில்லை. மேனேஜர் உங்களுக்கு மில் குடியிருப்பில் வீடே கொடுத்தார். நம் ஆட்கள் உங்களுக்கு ஒரு முறை வைக்க வேண்டும் என்று உட்கார்ந்து பேசினார்கள். மாமன் என்றால் பெண் கொடுக்க வேண்டி வரும் என்று பயந்து பெரியப்பா என்று முடிவு செய்தார்கள். நான் மட்டும் அண்ணே என்பதை விடவில்லை. துபாஷிக்கு அந்தச் சலுகை உண்டு. அடுத்த வருஷம் எழுமலையில் சம்பந்தம் பேசும்போது, பையன் எந்த அணியில் எந்தப் பக்கம் ஆடுகிறான் என்று கேட்க ஆரம்பித்தார்கள் என்றால் உங்கள் புகழைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இங்கே எல்லாம் மாறிவிட்டது. மில் வாசலில் நம் கொடி பறக்கிறது. மேனேஜர் சீமைக்குப் போய்விட்டார். பையன்கள் பூட்ஸ் போட்டு ஆடுகிறார்கள். மாயாண்டி மேஸ்திரி ஆகிவிட்டான். வெள்ளிக்கிழமை தவறாமல் உங்கள் சமாதிக்குப் போய் வருகிறான். பங்காளியோடு சமாதானம் ஆகிவிட்டது, அதனால் ஆட்டம் பார்க்க இப்போது அவனுக்குப் பிடிக்கவில்லையாம். அங்கே உங்களுக்கு முட்டி வலி விட்டதா? பந்து உண்டா? ஆளை நிறுத்தும் முன் அங்கேயும் யாருக்கு யார் உறவு என்று விசாரிக்கிறீர்களா?

வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புது அணிப் பையன்களுக்கு உங்கள் கதையை நான்தான் சொல்லப்போகிறேன். என் நாக்கு அசைகிற வரை, ஒரு வார்த்தை மாற்றாமல் இதே மாதிரிதான் சொல்வேன் அண்ணே. இது சத்தியம்.

மில் முழுக்க உங்களைப் பெரியப்பா என்றபோதும் அண்ணே என்றே கூப்பிட்ட உங்கள் தம்பி,
சேதுராம்

பி.கு.: இதை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போகும்போது அழகர்கோவில் பஸ்ஸில் வேலுச்சாமியைப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு அன்று வழி விட்டீர்களே என்று பெருமையாகக் கேட்டேன். "வழி விட்டனா? அந்த வருசம் அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. கால்ல நெருஞ்சி முள்ளு ஏறிருச்சு. குனிஞ்சு புடுங்கிட்டு நிமுந்தேன், கோலுன்னு கத்துறாய்ங்க" என்றார்.